டொஸ்கனினி: தாள் பார்க்காத கண்டக்டர்

கண்டக்டர் என்றதும் நமக்கு விசிலும் டிக்கெட்டும்தான் ஞாபகத்துக்கு வரும். மேற்கத்திய இசையில் இந்தப் பெயர் வேறொருவருக்கு. வாத்தியக்காரர்கள் எல்லோருக்கும் முன்னால் சின்னக் குச்சியோடு நிற்பார். அந்தக் கூட்டத்தில் எதையும் வாசிக்காத ஒரே ஆள் அவர்தான். ஆனால் எந்த வேகத்தில் போவது, எந்த வாத்தியம் எங்கே அடங்குவது என்பதெல்லாம் அவர் கையில். ஓபெரா என்றால் பாடகர்களும் அவரைப் பார்த்துத்தான் பாட வேண்டும்.

இந்த வேலையை எப்படிக் கற்றுக்கொள்வது? இத்தாலியின் ஆர்துரோ டொஸ்கனினி கற்றுக்கொண்ட விதம் சுவாரசியமானது.

1867-ல் பார்மா நகரில் ஒரு தையல்காரருக்கு மகனாகப் பிறந்தார். இசைப்பள்ளியில் முக்கியமாகப் படித்தது செல்லோ. பார்வை மோசம் என்பதால் இசைக்குறிப்புகளை மனப்பாடமே செய்துவிடுவார். 1886-ல் ஓர் ஓபெரா குழுவோடு செல்லோ வாசிக்க பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவுக்குப் போனார். அங்கே நடத்துனருக்கும் குழுவுக்கும் தகராறு. பதிலுக்கு வந்தவரை ரசிகர்கள் கூச்சல் போட்டு விரட்டிவிட்டார்கள். கடைசியில் 19 வயதுப் பையனை மேடையேற்றினார்கள். வெர்டியின் 'ஐடா' முழுவதையும் தாளைப் பார்க்காமல் நடத்தி முடித்தார்!

ஆச்சரியம் அதற்குப் பிறகுதான். நாடு திரும்பியவர், 1887-ல் மிலானின் லா ஸ்காலா அரங்கில் வெர்டியின் 'ஒதெல்லோ' முதன்முதலாக அரங்கேறியபோது மறுபடி செல்லோ வரிசையில் உட்கார்ந்து வாசித்தார். வெர்டி எப்படி ஒத்திகை பார்க்கிறார் என்று பக்கத்திலிருந்து கவனித்தார். அதைவிடப் பெரிய பாடசாலை ஏது?

1896-ல் புச்சினியின் 'லா போஹேம்' ஓபெராவை முதன்முதலில் நடத்தியவர் இவரே. 1898-ல், 31 வயதில், லா ஸ்காலாவின் தலைமை நடத்துனர் ஆனார். எழுதியவர் எழுதியபடிதான் இசை ஒலிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நடுவில் ரசிகர்கள் 'இன்னொரு முறை' என்று கத்தினால் பிடிக்காது. அந்தச் சண்டையில் 1903-ல் வேலையையே விட்டுப் போனார். ஒத்திகையில் வாத்தியக்காரர்களைக் கண்டபடி திட்டுவார், குச்சியை உடைப்பார். அந்த விஷயத்தில் அவர் ஒரு சர்வாதிகாரிதான்.

நிஜ சர்வாதிகாரியிடம் என்ன செய்தார்? 1919 தேர்தலில் முசோலினியின் பட்டியலில் நின்றவர்தான் டொஸ்கனினி. பிறகு வெறுத்து விலகினார். 1931-ல் பொலோன்யாவில், கச்சேரிக்கு முன் பாசிசக் கட்சிப் பாட்டை வாசிக்க மறுத்தார். அரங்க வாசலில் கட்சிக்காரர்கள் அடித்தார்கள். பாஸ்போர்ட்டையும் அரசு கொஞ்ச நாள் பிடுங்கி வைத்தது. அதன்பின் 1946 வரை இத்தாலியில் அவர் குச்சியைத் தொடவில்லை. போரில் குண்டு விழுந்து, திருப்பிக் கட்டிய லா ஸ்காலாவைத் திறந்துவைக்கத்தான் வந்தார்.

1954-ல் நியூயார்க்கில், 87 வயதில், ஒரு வானொலிக் கச்சேரியின் நடுவே நினைவு ஒரு கணம் தப்பியது. அதுவே அவருடைய கடைசிக் கச்சேரி. 1957-ல் காலமானார்.

ரசிகர் கேட்டாலும், கட்சி மிரட்டினாலும், எழுதப்படாததை நடத்த மாட்டேன் என்றவர் அவர். குழுவை அதட்டும் உரிமை அவருக்கு இருந்ததா என்று இன்றும் வாதாடலாம். அதிகாரத்துக்கு முன் அவர் வளையவில்லை என்பதில் வாதமே இல்லை.