பனிவெளியில் ஒரு தேடல்



கண்ணுக்குத் தெரியாத, மணமில்லாத, ஓசையில்லாத ஓர் ஆபத்து வானிலிருந்து விழுந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? 1978 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 24 ஆம் நாள் கனடா நாட்டுக்கு இந்தச் சோதனை வந்தது.

அன்றைய சோவியத் யூனியனின் காஸ்மோஸ் 954 என்னும் துணைக்கோள் கட்டுப்பாடிழந்து, கனடாவின் வடபகுதியில் சிதறி விழுந்தது. அதனுள் யுரேனியத்தால் இயங்கிய சிறிய அணு உலை இருந்தது. சிதறல்கள் ஏறக்குறைய 600 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவின. ஆள் நடமாட்டம் குறைந்த இடந்தான். ஆயினும் காரிபு மான்களை வேட்டையாடியும் மீன் பிடித்தும் வாழும் பூர்வகுடிகளுக்கு அதுதான் வீடு. இறைச்சியை உண்ணலாமா, ஏரி நீரைக் குடிக்கலாமா என்று அவர்கள் அஞ்சினார்கள்.

கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து விமானங்களை அனுப்பின. அவற்றில் சோடியம் அயோடைடு படிகங்கள் கொண்ட கருவிகள் இருந்தன. கதிரியக்கப் பொருள் வீசும் காமாக் கதிர் படிகத்தில் பட்டால் ஒரு சிறு மின்னல் தோன்றும். கதிரின் வலிமைக்கேற்ப அதன் ஒளி கூடும், குறையும். கருவி அதைக் கணக்கிடும்.

இதில் ஒரு சிக்கல். கருங்கல் பாறைகளிலும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை இயற்கையாகவே உண்டு. எது பாறை, எது உலையின் சிதறல்? பெரட்டுக்களத்தில் பலர் பேசினாலும் நம் வீட்டார் குரலை நாம் தனியே அறிகிறோம் அல்லவா? அதுபோல் ஒவ்வொரு பொருளின் கதிருக்கும் தனி வலிமை உண்டு. முன்பு நிலத்தடி யுரேனியம் தேடுவதற்காகக் கனடாவின் நிலவியலார் உருவாக்கிய கருவியே இங்கே கைகொடுத்தது.

அக்டோபர் வரை 1,24,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் தேடினார்கள். பல துண்டுகள் கிடைத்தன. எனினும் பொடியாய்ப் போன துகள்கள் யாவும் அகப்படவில்லை. கனடா ஏறத்தாழ 60 லட்சம் டாலர் இழப்பீடு கேட்டது; 1981 இல் 30 லட்சம் டாலர் பெற்றது.

நேயர்களே, வீணாக அஞ்சுவதும் தவறு, கண்மூடி நம்புவதும் தவறு. தோட்டத்தில் மருந்தடிக்கும் நமக்கும் இது பொருந்தும். ஆபத்தை அளந்து பார்க்க வேண்டும். அளந்ததை அங்கே வாழும் மக்களுக்குச் சொல்லவும் வேண்டும். கேட்டறிவது நம் உரிமை.