பாயும் தறியும் பாலர் சித்திரமும்

சித்திரக் கல்வியின் சரித்திரத்தைப் பற்றிப் பேசுவதென்றால் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குவதே முறை. ஆயினும், கல்முனைக் கரையோர ஊர்களைப் பொறுத்தவரை வீட்டு விறாந்தையிலிருந்து தொடங்குவதே பொருத்தமென்பது என் எண்ணம்.

இப்பகுதி முஸ்லிம் பெண்கள் வழிவழியாகப் பன்பாய் இழைத்து வந்தவர்கள். நீர்நிலைகளின் ஓரங்களில் வளரும் பன்னை வெட்டி, வெயிலில் உலர்த்தி, ஒரு பகுதியைச் சாயத்திலிட்டு அவித்தெடுத்து, நிறமுள்ளதும் நிறமற்றதுமாக மாற்றி மாற்றி இழைப்பார்கள். கோலத்துக்கு முன்மாதிரிப் படம் எதுவும் கிடையாது. எத்தனை இழைக்கு ஒரு நிறம், எங்கே திருப்பம் என்பதெல்லாம் கணக்கிலும் கைப்பழக்கத்திலுமே இருக்கும். தாயின் அருகே அமர்ந்திருக்கும் சிறுமி எழுத்தறியுமுன்னரே சதுரத்தையும் சாய்சதுரத்தையும் அறிந்துவிடுகின்றாள். மருதமுனைக்குச் சென்றால் அங்கே கைத்தறி. சாரத்தின் கட்டங்களும் சேலையின் கரையும் எவ்வாறு அமையவேண்டுமென்பது பாவு ஓடும்பொழுதே தீர்மானமாகிவிடுகின்றது. இவற்றை வடிவமைப்புக் கல்வி என்று எவரும் பெயரிட்டதில்லை, அவ்வளவே.

பள்ளிக்கூடம் தந்த சித்திரமோ வேறு வழியாக வந்தது. 1850களில் இலண்டனில் உருவாகி, பின்னர் சவுத் கென்சிங்டன் முறை எனப் பெயர்பெற்ற பாடத்திட்டம் பிரித்தானியக் குடியேற்ற நாடுகள் பலவற்றுக்கும் பரவிற்று. நேர்கோடு, வளைகோடு, பின்னர் ஓர் இலைச்சுருள், அதன்பின் ஒரு சாடி. எல்லாவற்றையும் பார்த்தபடியே பிரதிசெய்ய வேண்டும். கைக்கு ஒழுங்கு வந்தது உண்மையே. ஆனால் பிள்ளை தன் கண்ணால் எதனைக் கண்டது என்று கேட்பார் இல்லை.

இக்கேள்வியை முதலில் அழுத்தமாகக் கேட்டவர்களுள் ஒருவர் பிரான்ஸ் சிசெக். 1897இல் வியன்னா நகரிற் சிறுவர்க்கென அவர் வகுப்பொன்றைத் தொடங்கினார். இங்கிலாந்தில் மரியன் ரிச்சட்சன் அம்மையார், மனக்கண்ணில் தோன்றுவதையே பிள்ளை வரையவேண்டுமென்று கற்பித்தார். இலங்கையில் இக்காற்று வீசத் தொடங்கியது சித்திர வித்தியாதரிசிகளின் வாயிலாக. 1920களில் அப்பதவி வகித்த சீ. எவ். வின்சர், அவருக்குப் பின் வந்த டபிள்யூ. ஜே. ஜீ. பீலிங் ஆகியோரை இங்கே நினைவுகூர வேண்டும். பீலிங் பிற்காலத்தில் '43 குழு' ஓவியர்களுள் ஒருவருமானார். யாழ்ப்பாணத்திலே எஸ். ஆர். கனகசபை அவர்கள் 1938இல் வின்சரின் பெயராலேயே ஒரு சித்திரக் கழகத்தை நிறுவினார்.

வித்தியாதரிசியின் கொள்கை எதுவாயினும், பாலர் வகுப்பை அது ஆசிரியர் வழியாகத்தான் எட்டும். 1945இல் இலவசக் கல்வி வந்தபின் பிள்ளைகள் பெருகினர். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலை போன்றவற்றிற் பயின்று வந்தோரே இப்பகுதிப் பள்ளிகளைத் தாங்கினர். மொழியும் கணக்கும் கற்பிக்கும் அதே ஆசிரியர்தாம் சித்திரத்தையும் கற்பிக்க வேண்டும். இந்நிலையில் கரும்பலகையில் ஒரு மாம்பழத்தை வரைந்து "இதைப் பார்த்து வரையுங்கள்" என்று சொல்வது எளிது. அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமற் சொல்லவேண்டும். உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவதில் முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றிலே தயக்கம் உண்டு. இதனைச் சித்திரப் பாடத்துக்குத் தடையென்று கருதுவோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. கொர்தோவாப் பள்ளிவாசலையும் அல்ஹம்றா மாளிகையையும் அலங்கரித்தவர்கள் கோணமும் கொடியும் எழுத்தும் கொண்டே உலகை வியக்கவைத்தார்கள். ரிச்சட்சன் அம்மையாரும் 1935இல் வெளியிட்ட பாடநூல் வரிசையில், எழுத்துப் பயிற்சியையும் கோலப் பயிற்சியையும் ஒன்றாகவே இணைத்தார். அவர் ஆங்கிலப் பிள்ளைகளுக்குப் புதிதாக அமைத்துக்கொடுத்த பயிற்சிக்கு நெருங்கிய ஒன்று நம் ஊர்ப் பாயிலே தயாராக இருந்தது! அதனை வகுப்புக்குள் விரித்துவைக்க யாருக்குத் தோன்றியது?

1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. 1999இல் நாடெங்கும் முதலாம் ஆண்டிற் புகுந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளுக்கு இடங்கொடுத்தது. ஆனால் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சை நெருங்க நெருங்க வண்ணப்பெட்டி மூடப்படுகின்றது; அப்பரீட்சையிற் சித்திரத்துக்குப் புள்ளியில்லை.

வண்ணம் பிள்ளைக்கு எதற்கு என்பதைக் கிழக்கிலங்கை வேறு வகையிற் கற்றது. போர்க்காலத்தில், 1996இல், மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே ஒன்றாயிருந்து வரைந்தும் களிமண் பிசைந்தும் கதை சொல்லியும் மனப்புண் ஆறினர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோரத் தெருக்கள் அழிந்தன. வாயாற் சொல்லமுடியாததை வரையட்டும் என்று, கரையோர முகாம்களிலே பிள்ளைகளின் கையில் வண்ணக்கோல்களைக் கொடுத்தார்கள். அவர்கள் முன்னே பார்த்து வரைவதற்கு மாம்பழம் எதுவும் இருக்கவில்லை.