ஏழையின் சிப்பி, சீமானின் கோழி

1850களின் லண்டனில் ஒரு பென்னிக்கு நான்கு சிப்பிகள் கிடைத்தன. நம் கடலோரத்தார் ஆளி என்று சொல்லும் உணவுச் சிப்பிதான் அது. தெருமுனை வியாபாரி கத்தியால் ஓட்டை நெம்பித் திறந்து நீட்டுவார். வாங்கியவர் கொஞ்சம் வினிகரும் மிளகும் சேர்த்து, நின்ற இடத்திலேயே விழுங்கிவிட்டு வேலைக்கு நடையைக் கட்டுவார். லண்டன் உழைப்பாளிகளின் வாழ்க்கையை வீதிவீதியாக அலைந்து பதிவுசெய்த ஹென்றி மேஹ்யூ, தெரு வியாபாரிகள் மட்டுமே ஆண்டுக்கு 12 கோடியே 40 லட்சம் சிப்பிகள் விற்றதாகக் கணக்குக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில், தெரு எவ்வளவு ஏழ்மையானதோ அவ்வளவுக்கு அங்கே சிப்பிக் கடைகள் பெருகியிருப்பதை சாம் வெல்லர் என்ற வேலைக்காரன் கவனித்துச் சொல்கிறான்.

அதே ஊரில் இளங்கோழிக் கறி வசதி படைத்தவர்களுக்கு உரியது. கோழி வளர்த்ததே முட்டைக்காக. முட்டையிட்டு ஓய்ந்த பிறகுதான் அது சட்டிக்கு வரும். அப்போது கறி நார்நாராகிவிட்டிருக்கும். மணிக்கணக்கில் வேகவைக்க வேண்டும். இளம் பறவையை அறுப்பவர், அது இடப்போகும் முட்டைகளை எல்லாம் சேர்த்தே இழக்கிறார். அந்த இழப்பைத் தாங்கக்கூடியவர்கள்தான் மென்மையான கோழிக்கறியைச் சாப்பிட்டார்கள். 1840களில் சீனாவிலிருந்து பெரிய உடல்வாகுள்ள கோழிகள் வந்திறங்கியபோது விக்டோரியா அரசியே அவற்றை ஆசையாக வளர்த்தார். 1845ல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் கோழிக் கண்காட்சி நடந்தது. எல்லாருக்குமான உணவாவதற்கு முன்பே கோழி அந்தஸ்தின் அடையாளமாகிவிட்டது.

இன்று வரிசை அப்படியே புரண்டு கிடக்கிறது. சிப்பி வெள்ளித்தட்டில் பனிக்கட்டி மேல் வருகிறது. கோழியோ மலிவான இறைச்சி.

இந்தப் புரட்டலை உணவு வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ருசியின் கதையாகவே சொல்கிறார்கள். இழந்ததும் பெற்றதும் உடம்புக்கு என்ன செய்தன என்று கேட்டால் கதை கனமாகிறது.

அமெரிக்க வேளாண் துறையின் சத்துப் பட்டியலின்படி, 100 கிராம் பச்சைக் கோழி நெஞ்சுக்கறியில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. அதே எடையுள்ள சிப்பிச் சதையில், இனத்தைப் பொறுத்து, 5 முதல் 10 கிராம் வரைதான். மீதி பெரும்பாலும் தண்ணீர். நயாசின் என்னும் பி வைட்டமினிலும் கோழிதான் பல மடங்கு முன்னே நிற்கிறது. தசை வளர, நோயிலிருந்து தேற, வளரும் பிள்ளைக்குக் கொடுக்க என்றால் கோழிக்கு ஈடாகச் சிப்பியைச் சொல்ல முடியாது.

நுண்சத்துகளுக்கு வந்தால் நிலைமை வேறு. அந்தக் கோழிக்கறியில் துத்தநாகம் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. பசிபிக் சிப்பியில் 16 மில்லிகிராமுக்கு மேல். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இயற்கையாக வளரும் சிப்பியில் 39. பி12 வைட்டமின் ஒரு நாளைக்கு நமக்கு 2.4 மைக்ரோகிராம் போதும். கோழி நெஞ்சுக்கறியில் இருப்பது 0.2. சிப்பியில் 8 முதல் 16 வரை. இரும்புச்சத்தும் பத்து மடங்குக்குக் குறையாது.

ஓட்டுக்குள் வாழும் எல்லா உயிரினங்களுக்கும் இதே கணக்கு பொருந்தாது. மட்டியிலும் பி12 ஏராளம். இறால் புரதத்தில் கோழிக்கு அருகே நிற்கிறது. துத்தநாகத்தில் சிப்பிக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

அந்த ஒரு பென்னிக்குத் திரும்புவோம். லண்டன் சிப்பி வேறு இனம், சத்தின் அளவும் கடலுக்குக் கடல் மாறும் என்பதால் குறைந்த கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். நான்கு சிப்பிகளில் 50 கிராம் சதை என்று வைத்தால், அதில் 8 மில்லிகிராம் துத்தநாகம். வயதுவந்த பெண் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை என்று இன்று பரிந்துரைக்கப்படும் அளவு அது. அதைக் கோழி நெஞ்சுக்கறியிலிருந்து பெற ஒரு கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும். ரொட்டியும் உருளைக்கிழங்கும் தேநீருமாக வயிற்றைக் கழுவிய ஒரு கூலிக்காரருக்கு, வேறெதிலும் கிடைக்காததை அந்தத் தள்ளுவண்டி கொடுத்தது. கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

நியூயார்க்கில் சிப்பி இன்னும் தாராளம். கெனால் தெருவின் நிலவறைக் கடைகளில் ஆறு சென்ட் கொடுத்தால் வேண்டிய மட்டும் தின்னலாம். பிராட் தெருவில் செல்வந்தர்களுக்கான சிப்பி உணவகம் நடத்தியவர் தாமஸ் டவுனிங். 1791ல் வர்ஜீனியாவில் பிறந்த கறுப்பினத்தவர். வங்கிக்காரர்களும் அரசியல்வாதிகளும் மாடியில் சிப்பி சாப்பிட்டுக்கொண்டிருக்க, அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு அந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் அடைக்கலம் கொடுத்தவர். நகரத்தின் பணக்காரரும் பரம ஏழையும் ஒரே துறைமுகத்தின் ஒரே பண்டத்தைச் சாப்பிட்ட காலம் அது.

அது நீடிக்கவில்லை. இரயில்பாதை வந்ததும், அதுவரை கடலோரத்திலேயே தின்று தீர்ந்த சிப்பி உள்நாட்டு நகரங்களுக்கும் ஓடியது. இரும்பு வாரிகள் கடலடியைச் சுரண்டின. விற்கத்தக்க அளவுக்கு வளர மூன்று, நான்கு ஆண்டுகள் எடுக்கும் உயிரை, அது வளரும் வேகத்தைவிட வேகமாக வாரினார்கள். 1863ல் பிரிட்டன் அமைத்த மீன்வள ஆணையத்தில் உயிரியல் அறிஞர் தாமஸ் ஹக்ஸ்லி இருந்தார். கடலில் பிடிப்பதற்குப் பெரும்பாலான கட்டுப்பாடுகள் தேவையில்லை என்பதே அந்த ஆணையத்தின் முடிவு. அவ்வளவு பெரிய அறிவு அந்த இடத்தில் தவறியது ஏழைகளின் தட்டைத்தான் தொட்டது. நூற்றாண்டு முடிவதற்குள் சிப்பி தெருவை விட்டுப் போய்விட்டது.

மிச்சமிருந்ததைச் சாக்கடை கெடுத்தது. கடல்நீரைச் செவுளால் வடிகட்டி, அதிலுள்ள நுண்ணுயிர்களையும் பாசித்துகள்களையும் தின்று வாழ்வது சிப்பி. பி12ஐ உருவாக்கக்கூடியவை நுண்ணுயிர்கள் மட்டுமே. சிப்பியின் சதையில் அது குவிவதற்கு இந்த வடிகட்டலே காரணம். நகரத்தின் கழிவுநீர் அந்தக் கடலில் கலந்தபோது டைஃபாய்டு கிருமியும் அதே வழியில் உள்ளே போனது. 1902 நவம்பரில் இங்கிலாந்தின் வின்செஸ்டர், சவுத்தாம்ப்டன் ஆகிய இரண்டு ஊர்களின் மேயர் விருந்துகளிலும் எம்ஸ்வொர்த் என்ற கடலோர ஊரின் சிப்பி பரிமாறப்பட்டது. விருந்தாளிகள் பலர் டைஃபாய்டில் விழுந்தார்கள். வின்செஸ்டர் பேராலயத்தின் தலைமைக் குருவே இறந்துபோனார். 1924-25 குளிர்காலத்தில் நியூயார்க், சிகாகோ, வாஷிங்டன் நகரங்களில் சிப்பியால் பரவிய டைஃபாய்டு 1,500 பேருக்கு மேற்பட்டவர்களைத் தாக்கி, சுமார் 150 பேரைக் கொன்றது. நியூயார்க் துறைமுகத்தின் கடைசிச் சிப்பிப் படுகை 1927ல் மூடப்பட்டது.

கோழியின் ஏற்றம் தொடங்கியதும் அந்த ஆண்டுகளில்தான். 1923ல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் செசில் ஸ்டீல் என்ற பெண் முட்டைக்காக 50 குஞ்சுகள் கேட்டிருந்தார்; வந்ததோ 500. திருப்பி அனுப்பாமல் கொட்டகை போட்டு வளர்த்து, இரண்டு பவுண்டு எடையிலேயே கறிக்கு விற்றார். பவுண்டுக்கு 62 சென்ட் கிடைத்தது. மூன்றே ஆண்டில் 10,000 கோழிகளுக்கு இடம் கட்டினார். வெயில் படாமல் அடைத்து வளர்த்த குஞ்சுகளின் கால் வளையும் சிக்கலை, மீனெண்ணெயில் இருக்கும் வைட்டமின் டி தீர்த்துவைத்திருந்தது. ஆனாலும் 1928 அமெரிக்கத் தேர்தலில் ஒவ்வொரு வீட்டுச் சட்டியிலும் கோழி என்பது விளம்பரத்தில் போடத்தக்க செழிப்பாகவே இருந்தது. அந்த நாளில் ஒரு கோழி 1.1 கிலோ எடைக்கு வளர 112 நாள் பிடித்தது. இன்று 47 நாளில் அதைப்போல் இரண்டரை மடங்கு எடை வந்துவிடுகிறது.

இடையில் நடந்தது தீவனத்தின் வரலாறு. 1948ல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பி12 பிரித்தெடுக்கப்பட்டது. சோளமும் சோயாவும் மட்டும் தின்ற குஞ்சுகள் தேங்கிப்போனதற்கும், கொஞ்சம் மீன்தூள் சேர்த்ததும் தழைத்ததற்கும் காரணம் இந்தச் சத்துதான் என்று புரிந்தது. மலிவான பி12ஐத் தேடி லெடர்லி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஸ்டோக்ஸ்டாடும் ஜூக்ஸும், ஆரியோமைசின் மருந்து தயாரித்து மிஞ்சிய சக்கையைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பி12ஆல் மட்டும் விளக்க முடியாத அளவுக்குக் குஞ்சுகள் வளர்ந்தன. சக்கையில் மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக் செய்த வேலை அது. தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலக்கும் பழக்கம் அங்கிருந்து உலகமெங்கும் போனது. மருந்துக்கு மசியாத கிருமிகளைப் பற்றி இன்று மருத்துவர்கள் கவலைப்படுவதில் அந்தப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு.

சிப்பிக்கும் இந்தத் தொழிலில் ஓரிடம் கிடைத்தது. முட்டையின் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். அதற்காக முட்டைக் கோழிகளுக்கு நொறுக்கிய சிப்பி ஓடு இரையோடு போடப்படுகிறது.

துத்தநாகத்தின் முறை கடைசியில் வந்தது. கோழிக்குஞ்சு வளர அது இன்றியமையாதது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1958ல் காட்டினார்கள். மனிதருக்கும் அப்படித்தான் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அதே 1958ல் பீகாரின் பக்சரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத் ஈரானின் ஷிராஸ் நகரில் பணிக்குச் சேர்ந்தார். அவரிடம் காட்டப்பட்ட இளைஞருக்கு வயது 21. பார்க்கப் பத்து வயதுச் சிறுவன்போல் இருந்தார். பருவமே எட்டவில்லை; இரத்தசோகையும் இருந்தது. சாப்பிட்டதெல்லாம் புளிக்காத ரொட்டி, அதோடு களிமண். இரத்தசோகை மட்டும் இப்படிக் குள்ளமாக்காதே என்று யோசித்த பிரசாத், துத்தநாகக் குறைபாடாக இருக்கலாம் என்று 1961ல் எழுதினார். தானியத்தில் இருக்கும் ஃபைட்டேட் என்னும் பொருள் துத்தநாகத்தைப் பிணைத்து உடம்பில் ஏறவிடாமல் தடுக்கிறது. ரொட்டியையே நம்பி வாழ்ந்தவர்கள் அதற்குப் பலியானார்கள். பின்னர் எகிப்தில் அவரும் சக ஆய்வாளர்களும் செய்த பரிசோதனைகளில், துத்தநாகம் கொடுத்ததும் இத்தகைய இளைஞர்கள் வளரத் தொடங்கினார்கள்.

ஆனாலும் மருத்துவ உலகம் பல ஆண்டுகள் தயங்கியது. மனிதருக்கு நாள்தோறும் இவ்வளவு துத்தநாகம் வேண்டும் என்று அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு முதன்முதலாகப் பரிந்துரைத்தது 1974ல். கோழித் தீவனத்தில் அது அதற்குள்ளாகவே கலக்கப்பட்டுவந்தது. நியூயார்க்கின் கடைசிச் சிப்பிப் படுகை மூடப்பட்டு அப்போது 47 ஆண்டுகள் ஆகியிருந்தன.