இழந்த சொல்லை மீட்டல்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

எழுத்தொலி எவ்வாறு பிறக்கின்றது என்னும் வினாவைத் தமிழ் இலக்கணத்தார் மிகப் பழங்காலத்திலேயே எழுப்பினர். தொல்காப்பியர் பிறப்பியலில், உந்தியிலிருந்து எழும் காற்றுத் தலை, மிடறு, நெஞ்சு என்னும் மூவிடத்தும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றோடு இயைந்து வெவ்வேறு எழுத்தொலியாகும் முறையை வகுத்துரைத்தார். அகத்தே எழும் ஒலியின் இயல்பை மறைநூலோர்க்கு விடுத்து, புறத்தே செவிக்குப் புலனாகும் ஒலியையே தாம் கூறுவதாகவும் எல்லை வகுத்துக்கொண்டார். சைவ சித்தாந்த நூல்கள் அவ்வெல்லைக்கு அப்பாலும் சென்று, வாக்கினைச் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நான்காகப் பகுத்தன. மத்திமையாவது உள்ளத்தே எழுத்துகள் முறைப்பட அமைந்தும் பிறர் செவிக்குக் கேளாத நிலை. வைகரியாவது நாவிலும் இதழிலும் வெளிப்பட்டு ஒலிக்கும் நிலை. இவை மெய்யுணர்வு பற்றிய பாகுபாடுகளேயன்றி உடற்கூறு பற்றியன அல்ல. எனினும், சொல்லுக்கும் ஒலிக்கும் இடையே ஒரு தூரம் உண்டு என்பதை நம் முன்னோர் எண்ணிப் பார்த்தனர் என்பதற்கு இவை சான்றாம்.

அத்தூரம் ஒருவர் வாழ்வில் ஒரே நாழிகையில் கடக்கவொண்ணாத பள்ளமாய்விடுதலும் உண்டு. மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ வரும் நோயை ஈழத்தார் பாரிசவாதம் என்பர். இந்நோயுற்றோருள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்க்குக் கை கால்களோடு மொழியும் தாக்குண்ணுகின்றது. மருத்துவர் இதனை அஃபேசியா என்பர்; நாம் பேச்சிழப்பு என்போம். நாவும் தொண்டையும் நன்றாயிருந்தும் வேண்டிய சொல் வாராது. ஒன்றைச் சொல்ல எண்ணினால் மற்றொன்று வரும். சிலர்க்குப் பிறர் சொல்வதும் பொருள்படாது. எழுத்தும் வாசிப்பும் உடன் கெடுதல் பெரும்பான்மை. ஆயின் அறிவு கெட்டதென்று கொள்ளுதல் தவறு. இத்தவற்றின் வரலாறும், அது திருத்தப்பட்ட வரலாறும், பதுளையைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களில் அத்திருத்தம் இன்னும் முற்றாமையுமே இக்கட்டுரையின் பொருளாம்.

ஆங்கில அகராதியை 1755ஆம் ஆண்டில் வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், 1783ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஓரிரவு விழித்தபோது தம்மாற் பேச இயலாமையை உணர்ந்தார். தம் அறிவு நிலைத்திருக்கின்றதா என்று சோதித்தற்பொருட்டு இலத்தீன் செய்யுளாக ஒரு வேண்டுதலை மனத்துள் யாத்தார். அது அமைந்தது, ஆயின் வாய் பேசவில்லை. விடிந்ததும் அயலாருக்கும் நண்பர்க்கும் கடிதம் எழுதி உதவி வேண்டினார். ஒரு மொழியின் சொற்களையெல்லாம் தொகுத்தவர்க்கே சொல் வாராதுபோயிற்று. எனினும் அவர் உள்ளம் விழித்தேயிருந்தது. சில நாட்களிற் பேச்சு மெல்ல மெல்லத் திரும்பிற்று.

உடற்கூற்று விளக்கம் அதற்குப் பின்னரே வந்தது. பாரிசை அடுத்த பிசேத்ர் வைத்தியசாலையில் இருபதாண்டுக்கு மேலாக இருந்த லெபோர்ன் என்பவர், எதனைக் கேட்பினும் ‘டான்’ என்னும் ஓரசையையே விடையாகக் கூறுவார். ஆயினும் பிறர் சொல்வதை அறிந்து கைகாட்டித் தம் கருத்தை உணர்த்துவார். அவர் 1861ஆம் ஆண்டில் இறந்தபின் போல் புரோக்கா என்னும் அறுவை மருத்துவர் அவர் மூளையை ஆய்ந்து, இடப்பாகத்து முன்மடலிற் சிதைவு இருத்தலைக் கண்டார். 1865ஆம் ஆண்டளவில், பேச்சுக்குரிய இடம் பெரும்பாலும் மூளையின் இடப்பாகமே என்று துணிந்தார். 1874ஆம் ஆண்டில் கார்ல் வெர்னிக்கே, சரளமாகப் பேசியும் பொருளற்றுப் பேசுவோரையும், பிறர் மொழியை உணரமாட்டாதாரையும் ஆய்ந்து, அக்குறை மூளையின் வேறோரிடத்துச் சிதைவால் வருவதென்று காட்டினார். மூளையின் இடப்பாகம் உடலின் வலப்பாகத்தை ஆள்வதாகலின், பேச்சிழந்தார் பலர்க்கு வலக்கையும் உடன் சோர்தல் இதனால் விளங்கும்.

புரோக்காவும் வெர்னிக்கேயும் ஆய்ந்துகொண்டிருந்த அவ்வாண்டுகளிலேதான் ஊவா மலைகளிற் கோப்பித் தோட்டங்கள் பரந்திருந்தன. கோப்பிப் பயிரை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதல் 1869ஆம் ஆண்டில் மடுல்சீமையிலே கண்டறியப்பட்டது. கோப்பி அழிந்த இடத்தைத் தேயிலை கொண்டது. 1886ஆம் ஆண்டில் பதுளையைத் தலைநகராகக் கொண்டு ஊவா தனி மாகாணமாயிற்று. புகையிரதம் பதுளையை அடைந்ததோ 1924ஆம் ஆண்டிலேயாம். அதற்கு முன்னரே தமிழ்நாட்டினின்றும் வந்த தொழிலாளர் அப்புத்தளை, பண்டாரவளை, பசறை, லுணுகலை, நமுனுகுலை மலைகளில் லயங்களிற் குடியேறி விட்டனர்.

இவர்தம் நோய்க்கு மருந்தளித்தல் சட்டத்தால் வகுக்கப்பட்டது. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டமும், 1912ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட சட்டங்களும் தோட்டப் பகுதிகளில் மருந்தகங்களும் வைத்தியசாலைகளும் அமைய வழிசெய்தன. ஆயின் அவ்வமைப்பின் நோக்கம் பெரும்பாலும் வாந்திபேதி, காய்ச்சல், கொக்கிப்புழு முதலியவற்றைத் தடுத்துத் தொழிலாளரை மீண்டும் மலைக்கு அனுப்புதலேயாயிற்று. பாரிசவாதத்தால் வலக்கையும் வாயும் இழந்த ஒருவர் பிரட்டுக்களத்துக்கு மீளமாட்டார். உழைப்பை அளவுகோலாகக் கொண்ட மருத்துவத்தில் அவர்க்கு இடமில்லை. லயத்துக் காம்பராவின் மூலையில் அவர் கிடப்பார். வீட்டார் எண்ணெய் தேய்த்துக் கையையும் காலையும் பேணுவர். வாயைப் பேண வழி அறியார். வாதநோய்களை எண்பதாக வகுத்த சித்த மருத்துவ மரபு அவர்க்குத் துணையாயிருந்தது உண்மையே. எனினும் பேச்சைப் பயிற்சியால் மீட்டல் என்னும் துறை உலகில் எங்கும் அக்காலத்து நன்கு உருப்பெறவில்லை.

தோட்டத்து மக்களுக்குப் பேச்சிழப்பு இன்னொரு வகையாலும் கொடிதாம். இவர்கள் தம் குரலாற் பேசுதல் நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. துரையிடம் கங்காணி பேசினார். மருத்துவரிடம் மொழிபெயர்ப்பாளர் பேசினார். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும் இவர்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கின. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இரண்டு அரசுகள் இவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டுக்கொண்டன. குடியுரிமைச் சிக்கல் முடிவுக்கு வரும் வகையிற் சட்டம் வந்தது 2003ஆம் ஆண்டிலேயாம். தன் பெயரும் தன் ஊரும் தன் வாயாற் சொல்லி நிலைநாட்டவேண்டிய நிலையில் வாழ்ந்த சமுதாயத்தில், அப்பெயரையே சொல்ல இயலாது போதல் எத்தகைய இழப்பென்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

தமிழுலகம் முழுதும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டும் நம் மலைநாட்டோடு தொடர்புடையதே. நாவலப்பிட்டியில் 1917ஆம் ஆண்டிற் பிறந்த எம். ஜி. இராமச்சந்திரன், தமிழக முதலமைச்சராயிருந்தபோது 1984ஆம் ஆண்டு அக்டோபரில் பாரிசவாதமுற்றார். அமெரிக்காவின் புரூக்ளினில் மருத்துவம் பெற்றுக்கொண்டிருந்தபோதே அவ்வாண்டு டிசம்பர்த் தேர்தலில் ஆண்டிப்பட்டியில் வென்றார். 1985ஆம் ஆண்டு பெப்ரவரியில் மீண்டு, 1987ஆம் ஆண்டு டிசம்பரில் இறக்கும்வரை பதவி வகித்தார். முன்னரே 1967ஆம் ஆண்டில் கழுத்திற் பாய்ந்த குண்டால் அவர் குரல் கெட்டிருந்தது. ஆதலின் அவரது பேச்சுக் குறை முழுவதையும் ஒரே காரணத்தின்பாற் படுத்தல் பொருந்தாது. குரல் கெடுதல் வேறு, பேச்சுத் தசைகள் தளர்ந்து ஒலி குழறுதல் வேறு, சொல்லே வாராதொழிதல் வேறு. இம்மூன்றையும் பகுத்தறிதல் மருத்துவத்தின் முதற்படியாம். மக்களோ அவர் குறைந்த பேச்சைக் கேட்டு அவரைப் புறக்கணித்தாரல்லர். ஒரு தலைவர்க்குக் காட்டிய அப்பொறுமை லயத்து மூலையிற் கிடக்கும் தாய்க்கும் உரியதன்றோ?

இனிப் பேச்சை மீட்கும் கலையின் வரலாற்றை நோக்குவாம். சுவீடன் நாட்டு ஓலோவ் டாலின் 1745ஆம் ஆண்டில் எழுதிய குறிப்பொன்றில், வலப்பாகம் சோர்ந்து பேச்சிழந்த ஒருவர், முன்னர்ப் பயின்ற தோத்திரப் பாடல்களைத் தெளிவாகப் பாடினார் என்று காண்கின்றோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யூலிங்ஸ் ஜாக்சன், பேச்சிழந்தாரிடத்தும் வாழ்த்து, வசை, பலகாற் சொல்லிப் பழகிய தொடர் முதலியன தாமே வெளிப்படுதலை ஆய்ந்தார். இரண்டு உலகப் போர்களிலும் தலையிற் காயமுற்ற இளைஞர் பல்லாயிரவர் மீண்டனர்; அவர்பொருட்டு ஜெர்மனியிற் கோல்ட்ஸ்டைனும் சோவியத் நாட்டில் லூரியாவும் மொழியை மீளக் கற்பிக்கும் முறைகளை வளர்த்தனர். போர்வீரர்க்கெனப் பிறந்த கலை பின்னர் முதியோர்க்கும் பயன்பட்டது. 1973ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொஸ்டன் நகரத்து ஆய்வாளர், சிறு தொடர்களை இசையேற்றித் தாளமிட்டுப் பயிற்றும் முறையொன்றை வெளியிட்டனர். பயின்ற தொடர்களை இது நன்கு மீட்கின்றது. பயிலாத பேச்சுக்கும் அப்பயன் எவ்வளவு பரவும் என்பது பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேற்றுமை உண்டு. பேச்சுப் பயிற்சி பயன் தருமா என்னும் பொதுவினாவுக்கோ விடை கிடைத்துவிட்டது. 57 ஆய்வுகளை ஒருங்குவைத்து 2016ஆம் ஆண்டில் வெளிவந்த மதிப்பீடு, அன்றாட உரையாடலில் அது பயன்தருதலை உறுதிசெய்தது.

தேவாரமும் திருப்புகழும் பாடும் இல்லங்களில், காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கூத்தும் இரவெல்லாம் நடக்கும் தோட்டங்களில், இசையோடு மனத்திற் பதிந்த சொற்களுக்குக் குறைவில்லை. பேசமாட்டாதவர் பாடக் கேட்டு வீட்டார் வியப்புறுவர். நடிக்கின்றார் என்று ஐயுறுவாரும் உளர். அது நடிப்பன்று, பாட்டும் பழகிய தொடரும் மூளையில் வேறு வழிகளாலும் வருகின்றன. பாட்டினால் மட்டும் பேச்சு மீளும் என்று துணிதலும் ஆகாது. அது ஒரு வாயில். அவ்வாயிலில் நின்றுவிடாது உள்ளே செல்லப் பயிற்சி வேண்டும்.

அப்பயிற்சி எம்மொழியில் அமைதல் வேண்டும்? பன்மொழி அறிந்தார் பேச்சிழந்தால் முதலிற் கற்ற மொழியே நிலைக்கும் என்றார் ரிபோ. நோய்க்கு முன் மிகப் பழகிய மொழியே முதலில் மீளும் என்றார் 1895ஆம் ஆண்டில் பித்ர். இரண்டுக்கும் விலக்குகள் பல கண்டறியப்பட்டுள்ளன. ஊவாத் தோட்டத்தார் வீட்டில் தமிழும் சந்தையிலும் அலுவலகத்திலும் சிங்களமும் வழங்குவர்; தொழிலிடத்தே ஆங்கிலத்தினின்று திரிந்த சொற்களும் பல. அவர் தமிழும் நூல்களின் தமிழன்று. கொழுந்து, கூடை, படங்கு, மட்டம், கவ்வாத்து, தவறணை, கொந்தரப்பு, பிரட்டு என்பனவே அவர் நாளெல்லாம் வழங்கிய சொற்கள். காணாத பழத்தின் படத்தைக் காட்டிப் பெயர் கேட்பதினும், கொழுந்துக் கூடையைக் கையிற் கொடுத்துக் கேட்டல் பயன்தரும். ஒருவர் வாழ்ந்த வாழ்வின் சொல்லே அவர்க்கு முதலில் வேண்டிய சொல்.

இலங்கையிற் பேச்சு மருத்துவக் கல்வி அண்மைக்காலத்தது. களனிப் பல்கலைக்கழகத்தில் 1997ஆம் ஆண்டில் டிப்ளோமாவாகத் தொடங்கி, 2008ஆம் ஆண்டிற் பட்டப்படிப்பாயிற்று. இத்துறையில் தமிழிற் பணியாற்றுவோர் தேவைக்கு மிகக் குறைவு. மடுல்சீமையிலோ லுணுகலையிலோ இருந்து பதுளை வைத்தியசாலைக்கு நோயாளியைக் கிழமைதோறும் கொண்டுசெல்லும் குடும்பம் பேருந்துக் கட்டணத்தோடு ஒருவர் நாட்சம்பளத்தையும் இழக்கின்றது. பயிற்சி இடையில் நின்றுபோவதற்கு அறியாமையினும் இக்கணக்கே பெரிய காரணமாகலாம்.

எனவே வீட்டார் அறியவேண்டுவன சில. முகம் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கை சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ எண்ணெய் தேடாது உடனே வைத்தியசாலைக்குச் செல்க. 2016ஆம் ஆண்டில் தொடங்கிய 1990 என்னும் இலவச அம்புலன்சு சேவை இதற்கு உதவும். குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தை, மூளைப் படம் எடுத்துக் குருதிப்பெருக்கு இல்லையென்று கண்டபின், நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் அளித்தலே பொதுவிதி. பின்னர் வீட்டில் அவரோடு சிறு தொடர்களாய், ஒரு நேரத்தில் ஒரு செய்தியாய்ப் பேசுக. உரத்துப் பேசற்க, அவர் செவிடரல்லர். அவர் சொல்லை முந்திக்கொண்டு முடித்தல் வேண்டா, காத்திருக்க. ஆம், இல்லை என்று தலையசைத்து விடையளிக்கத்தக்க வினாக்களைக் கேட்க. பேரப்பிள்ளைகள் படத்தையும் எழுத்தையும் காட்டி உடன் பயிலலாம். குழந்தையை நடத்துவதுபோல் அவரை நடத்துதல் மட்டும் கூடாது. முதல் மாதங்களில் மீட்சி மிகுதி. ஆண்டுகள் சென்றபின்னும் அது அடியோடு நின்றுவிடுவதில்லை.

இம்மலரைப் படிக்கும் மாணவருள் மருத்துவத்தையும் பொறியியலையும் நாடுவார் பலர். பேச்சு மருத்துவத்தையும் சிலர் நாடுவாராக. ஆசிரியரும் பழைய மாணவரும் கூடி, மலையகத் தமிழின் அன்றாடச் சொற்களைப் படத்தோடு தொகுத்து ஒரு சிறு பயிற்சி நூல் செய்தல் இயலாத செயலன்று. மலைநாட்டு மக்களின் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து வைத்தமையாற் பல பாடல்கள் மறையாது நின்றன. அதுபோல் அம்மக்களின் தொழிற்சொற்களையும் வீட்டுச்சொற்களையும் தொகுப்பின், அது மொழியாய்வுக்கும் உதவும். சொல்லிழந்து கிடப்பார்க்கும் உதவும்.

மத்திமையில் நிற்கும் சொல்லை வைகரிக்குக் கொணரும் பணி மருத்துவர் ஒருவராற் கூடுவதன்று. கேட்பார் ஒருவர் பொறுமையோடு எதிரே அமர்ந்திருத்தல் வேண்டும். நெடுங்காலம் பிறர் வாயாற் பேசுவிக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்துக்கு, தன் வாயால் தன் பெயரைச் சொல்லும் உரிமையை நோய்க்குப் பின்னும் மீட்டளித்தல் நம் கடனாம்.