முழு ஆயுள் காப்பீட்டின் விலை: சென்னை மாகாணம் முதல் ஓசூர் ஆலைகள் வரை

தென்பெண்ணையாற்றின் கெலவரப்பள்ளி நீர்த்தேக்கத்தை ஒட்டிய ஓசூர் வட்டாரத்தில், 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்து, அசோக் லேலண்டு, டிவிஎஸ், டைட்டன் ஆகிய நிறுவனங்களின் ஆலைகள் அடுத்தடுத்து வந்தபோது, மாதச் சம்பளத்தை மட்டுமே நம்பி வாழும் குடும்பங்கள் பெருகின. சம்பாதிப்பவர் இறந்தால் வருமானம் அடியோடு நின்றுவிடும் இத்தகைய குடும்பங்களுக்கே ஆயுள் காப்பீடு மிகுதியும் தேவைப்படுகிறது; ஆகவே அதன் விலை உருவான வரலாறு இவ்வட்டாரத்துக்கும் உரியது.

முழு ஆயுள் காப்பீடு என்பது, பாலிசிதாரர் எந்த வயதில் இறந்தாலும் குறித்த தொகையை வாரிசுக்கு வழங்கும் ஒப்பந்தமாகும். குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் இறந்தால் மட்டுமே பணம் தரும் தவணைக்காலக் காப்பீட்டைப்போல் அன்றி, இதில் தொகையை என்றேனும் கொடுத்தே தீரவேண்டும் என்பதால் பிரீமியம் பன்மடங்கு உயர்கிறது. வயது ஏற ஏற இறப்பு வாய்ப்பு கூடினாலும் கட்டணம் மாறாதிருக்க, இளமையில் தேவைக்கு மேல் வாங்கப்படும் பணம் சேமநிதியாக முதலீடு செய்யப்பட்டு, முதுமையின் பற்றாக்குறையை ஈடுசெய்கிறது. கணித அறிஞர் ஜேம்ஸ் டாட்சன் வகுத்த இந்தக் கணக்கின்மீதே 1762-இல் லண்டனின் ஈக்விடபிள் சங்கம் நிறுவப்பட்டது. இறப்பு விகிதம், முதலீட்டு வட்டி, நிர்வாகச் செலவு ஆகிய மூன்றுமே விலையைத் தீர்மானிக்கின்றன.

இவற்றுள் இறப்பு விகிதம் இந்தியர்களுக்கு எதிராகவே முதலில் பயன்பட்டது. 1818-இல் கல்கத்தாவில் ஓரியன்டல் நிறுவனமும், 1829-இல் சென்னை மாகாணத்தில் மெட்ராஸ் ஈக்விடபிள் நிறுவனமும் தோன்றின. ஆனால் அக்கால நிறுவனங்கள் பெரிதும் ஐரோப்பியரையே கருதி இயங்கின, இந்திய உயிர்களைத் தரம் குறைந்தவையாக எண்ணிக் கூடுதல் பிரீமியம் வசூலித்தன. 1870-இல் தொடங்கிய பம்பாய் மியூச்சுவல் சங்கமே இந்தியருக்கும் வழக்கமான கட்டணத்தில் காப்பீடு அளித்து இவ்வேற்றுமையைத் தகர்த்தது.

செலவும் நேர்மையும் அடுத்த சிக்கல்களாயின. 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் முகவர் கமிஷனுக்கு வரம்பு விதித்தும், முறைகேடுகள் தொடர்ந்தமையால், 1956-இல் 245 நிறுவனங்களும் சங்கங்களும் அரசுடைமையாக்கப்பட்டு, செப்டம்பர் 1 அன்று இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகம் (எல்.ஐ.சி.) பிறந்தது. பாலிசித் தொகைக்கு மத்திய அரசின் உத்தரவாதமும் சட்டத்தில் இடம்பெற்றது.

எனினும், பாலிசியை இடையில் கைவிடுவோரே இக்காப்பீட்டின் மிகப் பெரிய விலையைக் கொடுக்கின்றனர். தொடக்க ஆண்டுகளில் கமிஷனும் நிர்வாகச் செலவும் பிரீமியத்தில் பெரும்பங்கை உண்பதால், சரண்டர் மதிப்பு, அதாவது முன்கூட்டியே முடித்துக்கொண்டால் கிடைக்கும் தொகை, கட்டிய பணத்தைவிடக் குறைவாகவே இருக்கும். 2024 அக்டோபர் முதல், ஓராண்டு முழுப் பிரீமியம் கட்டியவருக்கும் முதலாண்டு நிறைவில் ஒரு சரண்டர் தொகை உண்டு என்ற விதி இழப்பைச் சற்றே தணித்துள்ளது. சம்பளத்திலேயே பிடித்தம் செய்யும் முறை நிரந்தரத் தொழிலாளியின் தவணை தவறாமல் காக்கிறது. வேலை நிலையற்ற ஒப்பந்தத் தொழிலாளியோ, நெடுங்காலம் கட்ட இயலுமா என்பதைக் கணக்கிட்ட பின்னரே கையெழுத்திட வேண்டும், இயலாதெனில் குறைந்த பிரீமியத்தில் கிடைக்கும் தவணைக்காலக் காப்பீடே அவர் குடும்பத்துக்கு உண்மையான காவலாகும்.