காயமுற்ற பதின்வயதினரில் இரத்தக்கட்டுத் தடுப்பு

கடுமையாகக் காயமுற்று மருத்துவமனையில் படுத்திருக்கும் வளரிளம் பருவத்தினரின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறைவதைத் தவிர்க்கும் சிகிச்சைமுறை. காலில் உருவான இரத்தக்கட்டு பெயர்ந்து நுரையீரல் தமனியை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

இரத்த ஓட்டம் மந்தமாவது, சிரைச்சுவர் சிதைவது, உறையும் தன்மை கூடுவது ஆகிய மூன்றும் உறைவுக்குக் காரணங்கள். இவை ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோவின் பெயரால் அறியப்படுகின்றன. பெருங்காயத்தில் மூன்றும் ஒருசேர வந்துவிடுகின்றன. சிறு குழந்தைகளுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு, பூப்பெய்தியபின் ஏறுகிறது. இடுப்பெலும்பு, தொடையெலும்பு முறிவுகளும் தண்டுவடக் காயமும் அதைக் கூட்டுகின்றன. கழுத்து, தொடைச் சிரைகளில் செருகும் குழாய் இவ்வயதில் முக்கியக் காரணி; தேவை முடிந்ததும் அதை அகற்றுவதே எளிய தடுப்பு. அது மறக்கப்படவே கூடாது.

விரைவில் எழுந்து நடக்கவைப்பதும், கால்களை விட்டுவிட்டு அழுத்தும் காற்றுறைகளும் பிற வழிகள். இனாக்ஸாபரின் போன்ற ஹெப்பாரின் வகை ஊசிமருந்துகளைத் தருவதுதான் கடினமான முடிவு. மூளையிலோ மண்ணீரலிலோ கசிவு இருந்தால் அவை இரத்தப்போக்கைப் பெருக்கக்கூடும். ஸ்கேனில் கசிவு நின்றது உறுதியாகும்வரை காத்திருக்க நேரிடலாம். இம்மருந்துகளைத் தரும்போது சிறுநீரகச் செயல்பாட்டையும் கவனிக்கவேண்டும்.

அமெரிக்காவின் இரு காயச்சிகிச்சை அமைப்புகள் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரத்தப்போக்கு ஆபத்து குறைவாக இருந்தால் 15 வயதைக் கடந்தவர்களுக்கு மருந்தைப் பரிசீலிக்கச் சொல்கிறது. காயத் தீவிரப் புள்ளி 25ஐத் தாண்டினால், அவர்களைவிட இளைய, பருவமடைந்தவர்களுக்கும் இது பொருந்தும். சான்றுகள் வலுவற்றவை என்பதால் இது நிபந்தனையுடன் கூடிய பரிந்துரையே.