முழங்கால் வலிக்கான உடற்பயிற்சி: நேர்முறையும் தொலைவழி முறையும்

முழங்கால் மூட்டுத் தேய்வால் வரும் வலிக்கு உடற்பயிற்சி ஒரு முதன்மைச் சிகிச்சை ஆகும். இதை இயன்முறை மருத்துவரின் முன் நின்றுதான் கற்க வேண்டுமா, காணொலி அழைப்பிலும் கற்கலாமா என்ற கேள்விக்குப் பின்னால் ஏறத்தாழ 80 ஆண்டு வரலாறு உள்ளது.

தொடக்கம்

இரண்டாம் உலகப் போரின்போது, சிகாகோ நகரின் கார்டினர் ராணுவ மருத்துவமனையில் தாமஸ் டிலோர்ம் என்ற மருத்துவர் பணியாற்றினார். காயமடைந்த வீரர்களின் தசைகளை வலுப்படுத்த, தூக்கும் எடையைப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சியை அளித்தார். 1945-இல் அம்முறையை வெளியிட்டார்.

முதியோரின் தேய்ந்த மூட்டுக்கும் பயிற்சி உதவுமா என்பதை 1997-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சோதித்தது. அதில் 60 வயதும் அதற்கு மேலும் ஆன 439 பேர் பங்கேற்றனர். பயிற்சி செய்தோர் முதல் 3 மாதங்கள் பயிற்சி மையத்திற்கு வந்தனர். அடுத்த 15 மாதங்கள் வீட்டிலேயே செய்தனர். நலக்கல்வி மட்டும் பெற்றோரைவிட இவர்களுக்கு வலி ஓரளவு குறைந்தது.

தொலைவழி முறை

முழங்கால் மாற்று அறுவைக்குப் பின் அளிக்கும் பயிற்சியை வைத்து, கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 205 பேரிடம் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. காணொலி வழிப் பயிற்சி நேர்முறைக்குக் குறைந்ததல்ல என்று அது காட்டியது.

அறுவை செய்யாத நாள்பட்ட வலிக்கும் இது பொருந்துமா என்பதை ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தனர். 394 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். இரு பிரிவினருக்கும் 3 மாதங்களில் 5 சந்திப்புகள்; ஒரு பிரிவுக்கு நேரில், மற்றதற்குக் காணொலியில். வலி குறைவதிலும் அன்றாட இயக்கத்திலும் தொலைவழி முறை பின்தங்கவில்லை என்ற முடிவு 2024-இல் 'லான்செட்' இதழில் வெளியானது.

முடிவின் பொருள்

முழங்கால் வலி உள்ளவருக்கு மருத்துவமனைக்குப் போய்வருவதே பெரும்பாடு. அருகில் இயன்முறை மருத்துவர் இல்லாத ஊர்களில் பலர் இதனாலேயே சிகிச்சையைக் கைவிடுகின்றனர். அவர்களுக்கு இம்முடிவு ஒரு வழியைத் திறக்கிறது.

ஆனால், இணையத்தில் கிடைக்கும் ஏதோவொரு பயிற்சிக் காணொலியைத் தானாகப் பார்த்துச் செய்வது தொலைவழி முறை ஆகாது. திரைக்கு அப்பால் இருந்து இயன்முறை மருத்துவர் கவனித்துத் திருத்தியதைத்தான் மேற்கண்ட ஆய்வு சோதித்தது. மூட்டு திடீரென வீங்கினாலோ, காய்ச்சலுடன் சிவந்தாலோ, மடக்க முடியாமல் இறுகினாலோ நேரில் காட்டுவதே முறை.